என்னய்யா சொல்லுதாரு?

அந்த அறையில் டாக்டர், அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் தாய்மொழி தமிழ். டாக்டருக்கு எங்கள் பக்கத்து ஊராகத்தான் இருக்கும், பேச்சிலேயே தெரிந்தது. "சாப்பாடு இறங்குதாம்மா? ராத்திரி தூக்கம் வருதா?" என்று அம்மாவிடம் நன்றாகத்தான் விசாரித்தார். பிறகு ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தார். இரண்டாவது பக்கத்தைப் புரட்டினார். என்னைப் பார்த்து, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் பேசியது முழுக்க இங்கிலீஷ்.

நாலைந்து நிமிஷம் பேசியிருப்பார். கணையத்தில் ஆரம்பித்து கல்லீரலுக்குப் பரவியிருந்தது. அம்மாவின் உடம்பு கீமோவைத் தாங்காது. இனிமேல் செய்யப்போவதெல்லாம் பேலியேட்டிவ்தான், க்யூரேட்டிவ் இல்லை. மாதக் கணக்கில் யோசித்துக்கொள்ளுங்கள், வருடக் கணக்கில் அல்ல. நான் "ஓகே டாக்டர்" என்றேன். "ஐ அண்டர்ஸ்டேண்ட்" என்றேன். என் குரல் நடுங்கவே இல்லை. ஒரு கேள்விகூடக் கேட்டேன், மாத்திரையின் டோஸ் பற்றி. ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற அதே குரல்.

அம்மா எங்களுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து, யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"என்னய்யா சொல்லுதாரு?"

"வலிக்கு மருந்து தாறாகளாம்மா. கீமோ, ஆபரேஷன் எதுவும் வேண்டாமாம். வீட்டுல வச்சே பாத்துக்கிடலாமாம்."

இந்த மூன்று வாக்கியத்தில் எது பொய் என்று எட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்றுமே பொய் இல்லை. டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன். வலிக்கு மருந்து உண்டு, கீமோ இல்லை, ஆபரேஷன் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அம்மா வெளியே வந்து, வராண்டாவில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "நல்லவேள. பக்கத்து வீட்டு அக்காவுக்கு கீமோ குடுத்து முடியெல்லாம் கொட்டிப்போச்சு. எனக்கு அம்புட்டுக்குப் போகல போல." அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆஸ்பத்திரி கேன்டீனில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள்.

*

ஒரு மொழிக்கு மேல் தெரிந்தவர்களைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் பாராட்டுகள்தான். இன்னொரு மொழி என்பது இன்னொரு ஜன்னல், இன்னொரு உலகம், மூளைக்கு நல்லது, வேலைக்கு நல்லது. நானும் அதையெல்லாம் நம்புகிறவன். இங்கிலீஷ் இல்லாமல் என் வாழ்க்கை இல்லை. ஆனால் ஒரு கேள்வியை அந்தக் கட்டுரைகளில் நான் பார்த்ததில்லை. இரண்டு மொழி தெரிந்தவனுக்கு, ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்கள்மேல் ஒரு அதிகாரம் இருக்கிறதே, அதை அவன் என்ன செய்கிறான்?

எனக்கு இந்த அதிகாரம் ஒன்பது வயதில் கிடைத்தது. அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். பகலில் ஆபீஸில், ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள். அந்தக் காசில் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டாள். அவள் படித்தது அஞ்சாம் வகுப்பு. பேங்க் சலான், மாத்திரை அட்டை, ஸ்கூலில் இருந்து வரும் சர்க்குலர் எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பு ரேங்க் கார்டில் டீச்சர் சிவப்பு மையில் 'டாக்கேட்டிவ்' என்று எழுதியிருந்தார். வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிறான் என்று அர்த்தம். கையெழுத்துப் போடும்போது அம்மா கேட்டாள், என்ன எழுதியிருக்காக? "நல்லா பேசுறானாம்மா" என்றேன். அம்மா அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். எம்பிள்ள நல்லா பேசுதான்னு டீச்சரே எழுதிருக்காக. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பிடித்தும் இருந்தது. ஒரு சொல் என்னவாக மாறி அம்மாவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இந்த வேலைக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. துபாஷி. துவிபாஷி, அதாவது இரண்டு மொழிக்காரன் என்பதிலிருந்து வந்த சொல். கம்பெனிக் காலத்துச் சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் வெள்ளைக்கார அதிகாரிக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் நடுவில் நின்றவர்கள். பெயர் என்னவோ மொழிபெயர்ப்பாளன் என்பதுபோல இருந்தாலும் துபாஷிகள் வெறும் மொழிபெயர்ப்பாளர்களாக இருந்ததில்லை. வியாபாரம், கடன், சிபாரிசு, வழக்கு எல்லாம் அவர்கள் கை வழியாகத்தான் போயின. பச்சையப்ப முதலியார் ஒரு துபாஷி. 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, டூப்ளேயின் தலைமை துபாஷி. பிள்ளையின் நாட்குறிப்பில் கவர்னரின் மனைவி மேல் அவருக்கு இருக்கும் கசப்பு பல இடங்களில் வெளிப்படையாகத் தெரியும். அதற்குக் காரணங்கள் நிறைய உண்டு, மத விஷயம், ஊழல், தலையீடு என்று. ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு காரணமும் தோன்றும். அந்த அம்மாள் பாண்டிச்சேரியில் பிறந்தவர். அவருக்குத் தமிழ் தெரியும். கவர்னர் வீட்டில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் இருந்தால் துபாஷிக்கு என்ன மதிப்பு? இது என் ஊகம்தான். துபாஷி வேலை பார்த்தவனுக்குத் துபாஷியின் மனசு கொஞ்சம் புரியும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. டூப்ளேவுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் மொழி என்ற சுவர் ஏற்கெனவே இருந்தது. பிள்ளை அதில் ஒரு வாசல். எங்கள் அறையில் சுவரே இல்லை. மூன்று தமிழர்கள். நானும் டாக்டரும் சேர்ந்து அந்தச் சுவரை எழுப்பினோம், அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே. எழுப்பி முடித்ததும் நான் வாசலாகப் போய் நின்றுகொண்டேன்.

*

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் விலை பேசும் முறை தெரியுமா? வாங்குபவர் கையையும் விற்பவர் கையையும் ஒரு துண்டுக்குள் விடுவார்கள். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரல், எப்படிப் பிடிப்பு என்பதில் கணக்கு இருக்கிறது. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துண்டு எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஏதோ பேசுகிறார்கள், நமக்குச் சொல்லவில்லை என்பது தெரியும்.

அந்தக் காலத்திலும் நோயாளிக்கு உண்மையைச் சொல்லிவிடவில்லை. எங்கள் தாத்தாவுக்கு முடியாமல் போனபோது வைத்தியர் மாமாவைத் திண்ணைக்குக் கூட்டிப்போய்ப் பேசினாராம். மாமா உள்ளே வந்து, "ஒண்ணுமில்லப்பா, கசாயம் குடுத்திருக்காரு" என்றாராம். தாத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்று அம்மா சொல்வாள். அப்படியானால் இரண்டாவது மொழி புதிதாக என்ன கெடுதலைச் செய்துவிட்டது? மறைப்பது நம் குடும்பங்களின் பழைய பழக்கம்தானே?

இந்த வாதத்தை நான் எனக்காகப் பலமுறை பேசிப் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் அது நிற்பதில்லை. தாத்தாவுக்கு வைத்தியர் திண்ணைக்குப் போனது தெரியும். கதவுக்கு வெளியே ஒரு பேச்சு நடக்கிறது, அது தன்னைப் பற்றியது, தன்னிடம் சொல்ல முடியாதது. அந்த அளவுக்காவது அவருக்குத் தெரிந்தது. வேண்டுமென்றால், "வெளிய போயி என்னடா பேசினீங்க?" என்று கேட்கலாம். கேட்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். அது அவர் முடிவு. அம்மாவுக்கு நாங்கள் அதைக்கூட விட்டுவைக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. அவள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சத்தமாகத்தான் பேசினார். படித்தவர்கள் இங்கிலீஷில் பேசுவது அவளுக்கு இயல்பான விஷயம், பேங்கிலும் ஸ்கூலிலும் அப்படித்தானே பேசினார்கள். தன் முன்னால் ஒரு துண்டு விரிக்கப்பட்டிருக்கிறது என்றே அவள் சந்தேகப்படவில்லை.

பேலியேட்டிவ் என்ற சொல்லின் வேரைப் பிறகு ஒருநாள் தேடிப் பார்த்தேன். லத்தீனில் பல்லியம் என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் ஆடை. போர்த்துவது, மூடுவது. வலியைப் போர்த்துவது என்ற நல்ல அர்த்தத்தில்தான் மருத்துவர்கள் அதை வைத்துக்கொண்டார்கள். அந்தத் துறைமேல் எனக்கு மரியாதை உண்டு, அம்மாவின் கடைசி நாட்களில் அவர்கள் கொடுத்த மார்ஃபின் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. நான் அந்தச் சொல்லை வேறு எதை மூடவோ பயன்படுத்தினேன்.

*

அந்தச் சொல்லுக்குத் தமிழ் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் வலி தணிப்பு சிகிச்சை என்று போர்டு வைக்கிறார்கள். அது போர்டுத் தமிழ். அதைவிடத் துல்லியமான தமிழ் எங்கள் தெருவிலேயே உண்டு. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாக." கோவில்பட்டியில் இந்த வாக்கியத்தைக் கேட்கும் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கேட்டவுடன் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் அது சொல்லப்பட்ட வீடுகள் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கின்றன. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. "வீட்டுல வச்சே பாத்துக்கிடலாமாம்" என்று அதை ஒட்டியே போய், அதைத் தொடாமல் வந்துவிட்டேன். கிட்டத்தட்ட அதே சொற்கள்.

இங்கிலீஷில் கேட்கும்போது நடுங்காத நான், அதைத் தமிழில் சொல்ல ஏன் பயந்தேன் என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஹாரிஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறகு இங்கிலீஷ் கற்றவர்களின் விரலில் கருவியை மாட்டி, இரண்டு மொழியிலும் சொற்களைக் கேட்க வைத்தார்கள். கெட்ட வார்த்தைகள், சின்ன வயதில் அம்மா அப்பா திட்டும் வாக்கியங்கள் இப்படி. தோலில் நுட்பமாக வியர்ப்பதை அந்தக் கருவி அளக்கும். தாய்மொழித் திட்டுக்குத் தோல் அதிகமாக வியர்த்தது. அதே திட்டு இங்கிலீஷில் வந்தால் அவ்வளவு இல்லை. அர்த்தம் புரியாமல் இல்லை, நன்றாகப் புரிகிறது. உடம்புக்குத்தான் உறைக்கவில்லை.

இன்னொரு ஆய்வு இன்னும் பிரபலம். தண்டவாளத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள், ரயில் வருகிறது, பாலத்தின்மேல் உங்கள் பக்கத்தில் நிற்கும் பருமனான ஒரு ஆளைத் தள்ளிவிட்டால் ரயில் நின்று ஐவரும் பிழைப்பார்கள். தள்ளுவீர்களா? தத்துவ வகுப்புகளில் தேய்ந்துபோன கேள்வி. ஆல்பர்ட் கோஸ்டாவும் போவஸ் கெய்சாரும் மற்றவர்களும் 2014இல் இதைத் தாய்மொழியில் சிலரிடமும் கற்ற மொழியில் சிலரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். கற்ற மொழியில் கேட்கப்பட்டவர்களில் தள்ளுவேன் என்று சொன்னவர்கள் அதிகம். வெறும் ஸ்விட்சைத் திருப்பி ரயிலை வேறு தண்டவாளத்துக்கு மாற்றலாமா என்ற லேசான கேள்வியில் இந்த வித்தியாசம் வரவில்லை. கையை வைத்து ஒரு மனிதனைத் தள்ள வேண்டும் என்ற இடத்தில்தான் மொழி வேலை செய்தது.

இதை வைத்து அந்நிய மொழியில் யோசித்தால் உணர்ச்சிவசப்படாமல், அறிவுபூர்வமாக முடிவெடுக்கலாம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது அவ்வளவு நல்ல செய்தியாகத் தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வு ஒன்றும் அந்நிய மொழியில் நாம் கூடுதலாக யோசிப்பதில்லை, குறைவாக உணர்கிறோம், அவ்வளவுதான் என்ற பக்கமே சாய்ந்தது. நம்மைச் சுற்றிப் பார்த்தாலே இது தெரிகிறது. செத்துப்போனார் என்று சொல்ல முடியாமல் 'எக்ஸ்பயர் ஆயிட்டாரு' என்கிறோம். மன்னிச்சிடு என்று சொல்ல ஒரு நாள் முழுக்க மனசைத் தயார் செய்ய வேண்டும், ஸாரிக்கு அரை நொடி போதும். டைவர்ஸ் என்பதும் ஐ லவ் யூ என்பதும் அப்படித்தான். உன்னைக் காதலிக்கிறேன் என்று நேருக்கு நேர் தமிழில் சொன்ன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை, சினிமாவைத் தவிர.

இதில் தப்பில்லை. கைசுடும் பாத்திரத்தைத் துணியை வைத்துத்தானே இறக்குகிறோம். அந்த டாக்டரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பாரோ. அவர் படித்ததும் இங்கிலீஷில்தான். ஒவ்வொரு முறையும் தன் அம்மா பேசுகிற மொழியில் ஒரு அம்மாவைப் பார்த்து அதைச் சொல்வதென்றால் அவர் அந்த வேலையில் நீடிக்க முடியாது. என் பிரச்சினை வேறு. அந்தச் செய்தி எனக்கு வந்தபோது துணி சுற்றி வந்தது. நான் அதை அப்படியே வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் துணி கிடையாது, அவளுக்கு ஒரே மொழி. கொடுத்தால் வெறுங்கையில்தான் கொடுக்க வேண்டும். அவள் கை சுடுமே என்று நான் பயந்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்தேன். யோசித்தால், துணியை எடுத்தால் முதலில் சுடுவது என் கை. நான் பயந்தது அதற்குத்தான்.

*

ஒரு சொல்லைக் கொஞ்சம் மெதுவாக்கிச் சொன்னதால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று தோன்றும்போதெல்லாம் எனக்கு நியூசிலாந்து ஞாபகம் வரும். தனி மனிதர் விஷயமல்ல அது, ஒரு நாட்டின் விஷயம். ஆனால் நடந்தது இதே வேலைதான்.

1840 பிப்ரவரி 6ஆம் தேதி வைதாங்கி என்ற இடத்தில் பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மூலம் இங்கிலீஷில் இருந்தது. அதை ஒரே இரவில் மாவோரியில் மொழிபெயர்த்தவர்கள் ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரியும் அவர் மகன் எட்வர்டும். இங்கிலீஷில் தலைவர்கள் தங்கள் இறையாண்மையை முழுமையாக அரசிக்கு விட்டுக்கொடுப்பதாக இருந்தது. மாவோரியில் அதற்கு வில்லியம்ஸ் வைத்த சொல் 'காவனதங்கா'. கவர்னர் என்பதிலிருந்து உண்டாக்கிய சொல். நிர்வாகம் என்பதுபோல அர்த்தம். அடுத்த பிரிவிலோ நிலம், ஊர், உடைமை எல்லாவற்றின்மேலும் உங்கள் 'ரங்கதிரதங்கா', அதாவது தலைமை, உங்களிடமே இருக்கும் என்று மாவோரிப் பிரதி உறுதி சொன்னது. 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் கையெழுத்திட்டார்கள், மிகப் பெரும்பாலோர் மாவோரிப் பிரதியில். 'மனா' என்ற சொல்லை வைத்திருந்தால் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள் என்று பின்னாளில் பலர் வாதிட்டார்கள். அதிகாரம், மதிப்பு, ஒரு தலைவனின் உயிர்போல இருப்பது, எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. வில்லியம்ஸுக்கு மாவோரி நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லும் தெரியும்.

அவர் வேண்டுமென்றே செய்தாரா என்பதில் இன்றுவரை சச்சரவு. மாவோரிகளுக்கு இதுதான் நல்லது, கையெழுத்தாகாவிட்டால் இன்னும் மோசமாகிவிடும் என்று அவர் மனதார நம்பியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மொழிபெயர்ப்பவனுக்கு வரும் சோதனை பெரும்பாலும் கெட்ட எண்ணமாக வருவதில்லை. இவர்களுக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியும் என்ற எண்ணமாகத்தான் வரும். இரண்டு பக்கமும் கேட்பவன் அவன் ஒருவன்தானே, அதனால் இரண்டு பக்கத்தையும்விடத் தனக்குக் கூடுதலாகத் தெரியும் என்று தோன்றிவிடும்.

அமெரிக்காவில் 2016இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அரசு நிதி பெறும் மருத்துவமனைகள், உடனடி ஆபத்து உள்ள அவசரம் தவிர வேறு நேரங்களில், கூட வந்த குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. கூட வந்த பெரியவர்களையும் நோயாளியே கேட்டுக்கொண்டால் ஒழிய நம்பக் கூடாது. தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவார்கள் என்பது ஒரு கவலை. அப்படிப் பார்த்தால் என்னிடம் குறை கண்டுபிடிக்க முடியாது. என் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. அந்த அறையில் ஒரு ரெக்கார்டர் இருந்திருந்தால் நான் தப்பித்துவிடுவேன்.

*

அம்மாவுக்கு ஒரு அக்கா. தூத்துக்குடியில் இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார், எழுந்து வர முடியாது. கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், கார் வைத்தால் இன்னும் சீக்கிரம். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வாரத்தில் அம்மா சொன்னாள், "அக்காவ ஒரு எட்டு பாத்துட்டு வரணும்." போலாம்மா, நாளைக்கே கார் சொல்றேன் என்றேன். "இப்ப வேண்டாம்யா. இப்படி எலும்பும் தோலுமாப் போயி நின்னா அவ அழுவா. மருந்து சாப்புடுதோம்ல, கொஞ்சம் உடம்பு தேறட்டும். தை பொறக்கட்டும், போவோம்."

இந்த இடத்தில் என்ன சொல்வது? இல்லம்மா, இப்பவே போவோம் என்று வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் நான் சொன்ன மூன்று வாக்கியமும் உடைந்துவிடும். சரிம்மா, தைக்குப் போவோம் என்றேன்.

அவள் தன் நாட்களைக் கணக்குப் போட்டுத்தான் செலவழித்தாள். தப்பான கணக்கு. அந்தக் கணக்கை அவள் கையில் கொடுத்தது நான். அம்மா மார்கழியில் இறந்தாள்.

அவளுக்கு உண்மை தெரிந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அம்மாக்களுக்குத் தெரியாமல் இருக்குமா என்கிறார்கள். கதைகளில் அப்படித்தான் வரும். எனக்கு அதை நம்ப விருப்பம்தான், ஆனால் ஆதாரம் இல்லை. தைக்குக் கட்டிக்கொண்டு போக அம்மா ஒரு சேலையை எடுத்துத் தனியாக வைத்திருந்தாள். அக்காவுக்கும் ஒன்று.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இருக்கிறார்கள், அதுவும் அவர்கள் உரிமை. அம்மா ஒருவேளை வேண்டாம் என்றே சொல்லியிருப்பாள். ஆனால் அதைக் கேட்கலாம். "அம்மா, டாக்டர் சொன்னத முழுசாச் சொல்லவா, இல்ல வேண்டாமா?" இந்த வாக்கியத்துக்கு இங்கிலீஷ் தேவையில்லை. இதில் கடினமான சொல் ஒன்றும் கிடையாது, ஒன்பது வயதுப் பையன்கூடச் சொல்லலாம். கேட்டிருந்தால் திண்ணைக்குப் போன வைத்தியரைப் போலவாவது ஆகியிருக்கும். வெளியே ஒரு பேச்சு நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வதா, எழுந்து உட்கார்ந்து தூத்துக்குடிக்குக் கார் சொல்லச் சொல்வதா என்று அவள் முடிவு செய்திருப்பாள். எனக்குத் தமிழில் வராமல் போனது இந்த ஒரு கேள்விதான்.

இங்கிலீஷை நான் வெறுக்கத் தொடங்கிவிடவில்லை. அம்மா பெட்டி ஒட்டி வாங்கித் தந்தது அது. அதை வெறுத்தால் அவள் ராத்திரிகளை வெறுத்ததாக ஆகிவிடும். இப்போதும் மனசுக்குக் கஷ்டமான மெயிலை இங்கிலீஷில்தான் எழுதுகிறேன். யாராவது ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிட்டால் போகிறேன். டாக்டர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஆரம்பித்தால், அவங்ககிட்டயே தமிழ்ல சொல்லுங்க டாக்டர் என்கிறேன். சிலர் சொல்கிறார்கள். சிலர் என்னை முறைத்துவிட்டு, சுருக்கமாக ஏதோ சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு தடவை நோயாளியே என் கையைப் பிடித்து, "நீங்களே கேட்டுக்கிடுங்க தம்பி" என்றார். பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து தூத்துக்குடிக்குப் போனேன். பெரியம்மா கட்டிலில் படுத்தபடியே என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அம்மா எடுத்து வைத்திருந்த சேலையைக் கொடுத்தேன். அதை வாங்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"டாக்டரு முதல்லயே சொல்லலையாய்யா? சொல்லியிருந்தா அவ வந்துருப்பாளே."

"இங்கிலீஷ்ல சொன்னாரு பெரியம்மா" என்றேன்.

பெரியம்மா தலையை ஆட்டினார். "அதான பாத்தேன்" என்றார்.